மாமன் மடிக்கு ஒரு பூசணி

என் வியர்வையைப் பற்றி இந்த ஊரில் யாரும் மரியாதையாகப் பேசியது கிடையாது. பஸ்ஸுக்கு மனிதக் கண்டக்டர் வைத்திருந்த கடைசிக் காலத்தில், வேலூர் – ஆரணி வண்டியில் கண்டக்டராக இருந்தவன் நான். நான் கிழித்துக் கொடுக்கும் டிக்கெட் பயணியின் கைக்குப் போய்ச் சேருவதற்குள் கூழாகிவிடும். பெண் பார்க்கப் போன இடத்தில் அமுதா காபியை நீட்டியபோது என் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு அந்தக் காபியிலேயே விழுந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சிரித்த பாவத்துக்குத்தான் கட்டிக்கொண்டேன் என்று இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

அந்த வியர்வையை ஒருத்தி வீடு தேடி வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனாள் என்றால் நம்புவீர்களா? டாக்டர் பிளெஸ்ஸி என்று பெயர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, செடி ஆராய்ச்சி டாக்டர். ஒரு கத்திரி வெயில் மத்தியானத்தில் என் வண்டியில் ஏறினாள். அன்றைக்கு நாற்பத்தெட்டு டிகிரி. டிரைவர் தலையில் ஐஸ் பை, பயணிகள் பாதிப் பேர் மயக்கம். நான் மட்டும் சொட்டச் சொட்ட நின்று, "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்திக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் இறங்கும் வரை என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் வேறு எதற்கோ என்று நினைத்துக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

மறுவாரம் வீட்டுக்கு வந்து, "அண்ணா, உங்க தோல்ல ஒரு கடுகளவு கிடைக்குமா?" என்று கேட்டாள்.

"இன்னாத்துக்கு?" என்றாள் அமுதா, எனக்கு முன்னால்.

"பூசணிக்கு அக்கா. வெயில் ஏறினா சாதாரணப் பூசணி இலையில இருக்கற ஓட்டையெல்லாம் மூடிக்கும், தண்ணிய மிச்சம் பிடிக்க. ஆனா மூடினா சூடு உள்ளேயே நின்னுடுது. பூ கொட்டுது, பிஞ்சு வெம்புது. கோடையில நம்ம பக்கம் பூசணி பார்த்து எத்தன வருஷம் ஆச்சு, சொல்லுங்க? அண்ணாவோட வியர்வைச் சுரப்பிய உண்டாக்கற மரபணுவ அதுல வெச்சுட்டா, காயே வேர்த்துக் காயே ஆறிக்கும்."

"பூசணிக்கா வேர்க்குமா?"

"வேர்க்கும்க்கா."

"இவருக்கு வேர்க்கற மாதிரியா?"

"ஆமாக்கா."

"அப்பத் தொடைக்க ஒரு ஆள் வெச்சிக்கம்மா. நான் ஒருத்தரத் தொடைச்சே ஓஞ்சிட்டன்."

பிளெஸ்ஸி செய்துவிட்டாள். இரண்டு வருஷத்தில் பாலாற்று மணலில், இலை கருகும் வெயிலில், அண்டா அண்டாவாய்ப் பூசணி காய்த்தது. தொட்டால் பானைத் தண்ணீர் போல ஜில்லென்று இருக்கும். மார்க்கெட்டில் அடுக்கி வைத்தால் தரையெல்லாம் ஈரமாகும்.

பிறகு தொடங்கியது பஞ்சாயத்து. மனிதனின் வியர்வை ஓடுகிற காய் சைவமா அசைவமா என்று டிவியில் மாசக்கணக்கில் சண்டை போட்டார்கள். கல்யாணச் சமையல்காரர்கள் ஒரு கூட்டம் அதைத் தொட மாட்டோம் என்றது. இன்னொரு கூட்டம், அதில் இயற்கையாகவே உப்பு இருப்பதால் சாம்பாருக்கு உப்புக் குறைத்துப் போட்டால் போதும் என்றது. அமுதா மார்க்கெட்டில் ஒரே ஒரு முறை அதைத் தூக்கி மோந்து பார்த்துவிட்டு, வைத்த இடத்தில் வைத்துவிட்டாள். "உங்க நாத்தமே அடிக்குதுங்க. கட்டினவனக் கொழம்பு வெக்க என்னால ஆவாது," என்றாள். அதோடு எங்கள் வீட்டில் பூசணிக்காய் நின்றது.

இதெல்லாம் எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. பேத்தி யாழிக்குக் காது குத்த நாள் குறித்த பிறகுதான் நான் சரியாக மாட்டிக்கொண்டேன்.

என் மகள் மதிவதனி ஒரே பெண். அவளைக் குடியாத்தத்தில் லோகேஷுக்குக் கொடுத்திருந்தோம். இப்போதெல்லாம் எந்த வீட்டில் இரண்டு பிள்ளை இருக்கிறது? நாடு முழுக்க ஒற்றைப் பிள்ளைகள். அதனால் தாய்மாமன் என்கிற ஆளே அருகிப்போனான். காது குத்தும்போது குழந்தையை உட்காரவைக்க மாமன் மடி வேண்டுமே? அதற்கு வாடகை மாமன்கள் வந்துவிட்டார்கள். மண்டபம் பிடித்தால் சேர், டேபிள், மாமன் எல்லாம் சேர்த்தே தருகிறார்கள். மாமன் பட்டு வேட்டியில் வருவான், குழந்தை அழுதால் தானும் கொஞ்சம் கண்ணைக் கசக்குவான், சாப்பிட்டுவிட்டுப் போவான்.

லோகேஷின் அம்மா ரேணுகா அதற்கு ஒப்பவில்லை. அந்த அம்மாள் பேச ஆரம்பித்தால் எதிராளி நாற்காலியைத் தேடுவான்.

"வாடகைக்கு வந்தவன் மடியில எங்க வீட்டுப் பொண்ண உக்காத்த மாட்டன், சம்பந்தி. ரத்த சம்பந்தம் வேணும். மாமன் மடி இல்லன்னா காது குத்து இல்ல. காது குத்தாத கொழந்தைக்குக் கொலதெய்வம் கோயில்ல பேர் சொல்ல மாட்டாங்க."

என் பக்கம் நானும் ஒற்றைப் பிள்ளை, பங்காளி வீட்டுப் பையன் என்று எவனும் இல்லை. அமுதாவுக்கு அண்ணன் தம்பிகள் உண்டு, ஆனால் அவர்கள் பிள்ளைகள் மதிக்கு முறை மாப்பிள்ளைகள். முறை மாப்பிள்ளை எப்படி மாமன் ஆவான்? மதி போனில் அழுதாள்.

"அப்பா, கல்யாணத்துலயே கூடப் பொறந்தவன் இல்லாதவள்னு பேர் வெச்சாங்க. சீமந்தத்துலயும் சொன்னாங்க. எனக்குப் பழகிடுச்சி. ஆனா யாழியையும் மாமன் இல்லாதவள்னு சொல்லுவாங்கப்பா. அது பெருசானாலும் சொல்லுவாங்க. என்னால அத கேட்டுகினு இருக்க முடியாது."

அந்த அழுகையோடு போனை வைத்தாள். பெண்ணுக்கு ஒரு தம்பியைப் பெற்றுக் கொடுக்காத குற்றவாளி மாதிரி வாசலில் உட்கார்ந்திருந்தேன். அமுதாவுக்குச் சோகம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். பாத்திரத்தை டமார் என்று போட்டாள்.

"ரத்த சம்பந்தம் வேணுமாமே, ரத்த சம்பந்தம்! ஊர் பூரா உங்க ரத்தம் மார்க்கெட்டுல கூறு போட்டுக் கெடக்குது. அதும் மடியில உக்காத்திக் குத்தச் சொல்லுங்க!"

அவள் திட்டத்தான் சொன்னாள். நான் போனை எடுத்துப் பிளெஸ்ஸியைக் கூப்பிட்டேன்.

"ரத்தம்னு சொல்ல முடியாதுண்ணா," என்று அந்தப் பெண் இழுத்தாள். "ஆனா உங்க மரபணு உங்க பொண்ணுகிட்டயும் இருக்கு, பூசணிகிட்டயும் இருக்கு. பொண்ணுகிட்ட பாதி, பூசணிகிட்ட கொஞ்சூண்டு."

"கொஞ்சூண்டு இருந்தாலும் தம்பி தம்பிதானம்மா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். பிறகு, "பெரிய ரகத்துல விதை தரேன்," என்றாள்.

மாசியில் வீட்டுத் தோட்டத்தில் குழி எடுத்தேன். ஆற்று மணல், மக்கிய எரு, வேப்பம் பிண்ணாக்கு. கொடி ஓடத் தொடங்கியதும் கணுவுக்குக் கணு மண் போட்டு மூடினேன், கூடுதலாக வேர் பிடிக்க. பெண் பூ விரிந்த காலையில் ஆண் பூவைப் பறித்து வந்து நானே தடவிவிட்டேன். காய் பெரிதாக வேண்டும் என்றால் ஒரு கொடிக்கு ஒரே பிஞ்சைத்தான் விட வேண்டுமாம். மற்றதைக் கிள்ள எனக்குக் கை வரவில்லை. அதெல்லாம் யார், என் பிள்ளைகள் இல்லையா? அமுதாதான் வந்து கிள்ளினாள். நான் திரும்பி நின்றுகொண்டேன்.

பங்குனியிலேயே வெயில் பல்லைக் காட்டியது. அடியில் வைக்கோல் மெத்தை, மேலே பச்சை வலை, விடியற்காலையில் ஒரு தண்ணீர், பொழுது சாய்ந்து ஒரு தண்ணீர். காய் வேர்க்க ஆரம்பித்ததும் உப்புப் போய்விடுகிறது என்று பிளெஸ்ஸி சொன்னாள். நான் எனக்கு என்ன செய்வேனோ அதையே அதற்கும் செய்தேன். ஓஆர்எஸ் பாக்கெட்டைக் கரைத்து வேரில் ஊற்றினேன். மத்தியானம் நான் மோர் குடித்தால் அதற்கும் ஒரு சொம்பு. மடி மாதிரிப் பள்ளம் விழ வேண்டுமே, அதற்காகப் பிஞ்சாக இருக்கும்போதே தலையில் ஒரு அம்மிக் குழவியை வைத்துக் கட்டியிருந்தேன். காய் பெருக்கப் பெருக்கப் பள்ளமும் பெருத்தது. நாலு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாத அளவு வந்தபோது, சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குக் கர்வமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் மதி முதல் ரேங்க் வாங்கியபோது வந்த அதே கர்வம்.

மாமனாகப் போகிற பையனைப் பார்க்க ரேணுகா அம்மாள் எங்கள் தோட்டத்துக்கு வந்தார். மதியும் பிளெஸ்ஸியும் கூட இருந்தார்கள். குடையைப் பிடித்தபடி காயைச் சுற்றி ஒரு வலம் வந்தார்.

"பூ பூத்தது எந்த நட்சத்திரம்?"

"அஸ்தம்," என்றேன். நல்ல வேளை, பார்த்து வைத்திருந்தேன்.

"கொழந்தைக்கு ஒத்துவரும். ஆமா, இது ஆணா பொண்ணா?"

பிளெஸ்ஸிக்குப் பொய் சொல்லத் தெரியாது. "காய்ங்கறது பெண் பூவுலதான்மா வரும்."

"அப்ப இது மாமன் இல்லியே, சித்தி! சித்தி மடியில எந்த ஊர்ல காது குத்துவாங்க?"

மதியின் முகம் செத்துவிட்டது. எனக்குக் குப்பென்று வேர்த்தது. பக்கத்தில் காய்க்கும் வேர்த்தது. அமுதா விறுவிறுவென்று உள்ளே போய், என் நாலு முழ வேட்டி இரண்டை முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். காயின் இடுப்பில் சுற்றிக் கட்டினாள். காம்பின் மேல் ஒரு துண்டை மடித்துப் போட்டாள்.

"இப்பப் பாருங்க," என்றாள்.

ரேணுகா பார்த்தார். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். உண்மையைச் சொல்கிறேன், பந்தியில் உட்காரக் காத்திருக்கிற பெரிய மனிதர் மாதிரியே இருந்தது. ரேணுகா குனிந்து, "கரை எறங்கிக் கீது, நல்லாக் கட்டுங்க," என்று தானே வேட்டியை இழுத்துச் சரிசெய்தார். பேச்சு முடிந்தது.

ஒன்றில் மட்டும் அவர் இறங்கி வரவில்லை. விசேஷம் குடியாத்தத்தில் ஏசி மண்டபத்தில்தான். கொடியோடு தோட்டத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று நான் கெஞ்சிப் பார்த்தேன். "இந்த வெயில்ல எங்க ஜனத்த வயல்ல உக்காத்தி வறுக்கச் சொல்றீங்களா?" என்றார்.

பிளெஸ்ஸி என்னைத் தனியே கூப்பிட்டாள். "கொடியில இருக்கற வரைக்கும் வேர் தண்ணி குடுக்கும்ணா. அறுத்துட்டா, உள்ள இருக்கறதுதான் மிச்சம். ஏசியில பிரச்சினை இல்ல, வேர்க்கவே வேண்டியதில்ல. வெயில்ல விட்டா மட்டும் வேர்த்து வேர்த்தே காலியாயிடும்."

அறுத்தேன். டெம்போவில் வைக்கோல் போட்டு, ஈரச் சாக்குப் போர்த்தி, பக்கத்திலேயே உட்கார்ந்து போனேன். மண்டப வாசலில் மேளம் கொட்டி மாமனை வரவேற்றார்கள். வேலை பறிபோன வாடகை மாமன்கள் ஏழெட்டுப் பேர் எதிர்ப் பக்கம் கருப்புக் கொடி பிடித்து, "காய்கறி மாமனே வெளியேறு" என்று கத்தினார்கள். அவர்களுக்கும் மோர் கொடுக்கச் சொன்னேன்.

மேடையில் மாமனுக்கு மாலை போட்டு, முன்னால் சீர்த்தட்டுகளை அடுக்கியபோது கரண்ட் போனது.

ஊர் முழுக்க ஏசி ஓடி டிரான்ஸ்பார்மர் வெடித்துவிட்டதாம். ஜெனரேட்டர் கொஞ்ச நேரம் இருமியது, நின்றுவிட்டது. ஜன்னல் திறக்க முடியாத கண்ணாடி மண்டபம். கதவைத் திறந்தால் வெளியே நாற்பத்தொன்பது டிகிரி, அடுப்பு வாய் மாதிரி. ஜனம் வேர்க்க ஆரம்பித்தது. மாமனும் வேர்க்க ஆரம்பித்தான்.

"சீக்கிரம், சீக்கிரம்!" என்று நான் காது குத்த வந்த பத்தரைப் பிடித்து இழுத்தேன். யாழியைத் தூக்கிப் பள்ளத்தில் உட்காரவைத்தோம். குழந்தைக்கு அந்த ஜில்லிப்பு பிடித்துப்போனது. இரண்டு கையாலும் ஈரத்தைப் பட் பட் என்று தட்டிச் சிரித்தது. பத்தர் ஊசியை எடுத்ததும் மதி காயின் மேல் கையை வைத்தாள். தன்னை மறந்து, "தம்பி, கெட்டியாப் புடிச்சிக்கடா," என்றாள். மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு காது, மறு காது. யாழி வீல் என்று கத்தியது, அப்புறம் கன்னத்தைக் காயில் வைத்துக்கொண்டு விசும்பியது. ரேணுகா மேடை ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என் மகளுக்கு வேண்டியது நடந்துவிட்டது. எனக்குக் கண் கலங்கியதா, வேர்வை இறங்கியதா என்று தெரியவில்லை.

அதற்குள் ஆட்கள் மயங்கி விழத் தொடங்கிவிட்டார்கள். மேடைக்குப் பக்கத்தில் மட்டும் காற்று குளிர்ச்சியாக இருப்பதை ஒருவர் கண்டுபிடித்தார். பிறகு எல்லோரும் கண்டுபிடித்தார்கள். ஒரு பெரியவர் முதுகைச் சாய்த்தார். ஒரு கர்ப்பிணி நெற்றியை வைத்துக்கொண்டாள். வெளியே கொடி பிடித்த வாடகை மாமன்கள்கூட உள்ளே வந்து வரிசையில் நின்றார்கள். காயின் மேல் தண்ணீர் தாரை தாரையாக ஓடியது.

பிளெஸ்ஸி ஓடி வந்தாள். "அண்ணா, இப்பவே வெளிய தூக்கிட்டுப் போய் மரத்தடியில ஈரச் சாக்கு போட்டு வெச்சா பொழைச்சிக்கும். இங்கயே இருந்தா இவங்க எல்லாரும் தாங்குவாங்க, இது தாங்காது. சாயந்திரத்துக்குள்ள ஒண்ணும் இருக்காது."

நான் சாக்கைக் கையில் எடுத்துவிட்டேன். ஐந்து மாசம் வளர்த்தவன் ஐயா நான்! என்னால் யோசிக்கவே முடியவில்லை. மதி வந்து என் கையிலிருந்து சாக்கை வாங்கிக் கீழே போட்டாள்.

"இருக்கட்டும்பா. மாமன்னா விசேஷத்துல கடைசி ஆள் சாப்ட்டுப் போற வரைக்கும் நிக்கணும். பாதியில தூக்கிகினு போனா அது எனக்குத் தம்பி இல்ல, காய்தான்."

அது நின்றது. கரண்ட் வர பொழுது சாய்ந்துவிட்டது. அதுவரை ஜனம் முறை வைத்து முதுகு சாய்த்து எழுந்தது. மயங்கினவர்கள் தெளிந்தார்கள். பந்தி நடந்தது. மாமனுக்குத்தான் முதல் இலை என்று யாரோ இலை போட்டுப் பரிமாறினார்கள். மெல்ல மெல்ல வேட்டி தளர்ந்தது, மாலை சரிந்தது, பள்ளம் உள்வாங்கியது. கடைசிப் பந்தி எழுந்தபோது மேடையில் சுருங்கின தோல் ஒன்றுதான் கிடந்தது. தீட்டு உண்டா என்று கேட்க வாயெடுத்த ஒருவரை அமுதா பார்த்த பார்வையில் அவர் கை கழுவப் போய்விட்டார். அவள் என் துண்டை எடுத்து அந்தத் தோலை நன்றாகத் துடைத்துவிட்டாள். பிறகு என் தோளில் சாய்ந்து அழுதாள்.

மண்டபம் காலியானது. டெம்போ வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு உள்ளே வந்தேன். மேடையில் ரேணுகா தனியாக உட்கார்ந்து, தோலைப் பிளந்து உள்ளே கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். முழங்கை வரை ஈரம், பட்டுப் புடவையும் நனைந்திருந்தது.

"உக்காருங்க," என்றார். உட்கார்ந்தேன்.

"எனக்கும் கூடப் பொறந்தவங்க கெடையாது. உங்க பக்கம் யாருக்கும் தெரியாது, நான் சொன்னதில்ல. லோகேஷுக்குக் காது குத்தறப்ப எங்க மாமியார் ஒரு காஸ் சிலிண்டர் மேல துண்டப் போட்டு, அதும் மேல உக்காத்திக் குத்தினாங்க. ஊரே சிரிச்சிது. சிலிண்டர் மாமன்னு அவன ஸ்கூல் வரைக்கும் கூப்ட்டாங்க."

அப்படிப்பட்டவர் ஏன் என் பெண்ணை அந்தப் பாடு படுத்தினார் என்று கேட்க வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்துக் கேட்காமல் விட்டேன்.

"மொறைப்படி பாத்தா நீங்க எனக்கு இன்னா வேணும்?" என்றார்.

"சம்பந்தி."

"அது கூப்பிடற பேரு. மொற இன்னா?"

என் மகளுக்கு அவர் அத்தை. அப்பனுடைய தங்கைதானே அத்தை. இத்தனை நாள் இதை யோசிக்கவே இல்லை.

"அண்ணன்," என்றேன்.

"நான் போற அன்னிக்கு, பொறந்த வீட்டுக் கோடின்னு ஒரு பொடவ கொண்டாந்து போட ஆள் இல்ல எனக்கு. நீங்க போடுவீங்களா, அண்ணே?"

"போடறேம்மா," என்றேன். "ஆனா உன்னவிட மூத்தவன் நான். முன்னாடி நான் போயிட்டா?"

"அதுக்குத்தான்." ஈரக் கையைப் பிரித்துக் காட்டினார். உள்ளங்கையில் இரண்டு விதை. "நீங்க இல்லன்னா உங்க புள்ள வந்து போடட்டும். எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கம்மா. ஆனா ஒரு விதை போதுமே, ரெண்டு எதுக்கு?"

முந்தானை நுனியில் இரண்டையும் சேர்த்து வைத்து முடிந்துகொண்டே சொன்னார்: "ஒத்தையா வளக்கக் கூடாது, அண்ணே. அதுக்கும் கூடப் பொறந்தது ஒண்ணு வேணாமா?"